விறைப்புக் குறைபாட்டுக்கான மாத்திரைகள்: பாதுகாப்பாக எடுத்துக்கொள்ள முழு வழிகாட்டி

விறைப்பு வராமல் போவது, வந்தாலும் உறவு முடியும்வரை நிற்காமல் போவது. இந்தச் சிக்கலுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் மாத்திரைகள் 1998 முதல் புழக்கத்தில் இருக்கின்றன. நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்டு வந்த சில்டெனாஃபில் என்ற மருந்துக்கு அந்த ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வயாகரா என்ற பெயரில் உலகமெங்கும் பேசப்பட்டது அதுதான். அதற்குப் பிறகு டடாலஃபில், வர்டெனாஃபில், அவனாஃபில் என்று அதே குடும்பத்து மருந்துகள் வந்தன. சரியான ஆளுக்குச் சரியான அளவில் கொடுத்தால் இவை பாதுகாப்பானவை. இத்தனை வருட அனுபவம் அதை உறுதியாகக் காட்டியிருக்கிறது.

ஆனால் இந்த மாத்திரையை மறைத்து எடுப்பவர்கள் ஏராளம். டாக்டரிடம் கேட்க வெட்கம், மனைவியிடம் சொல்லத் தயக்கம், மருந்துக்கடையில் பெயரைச் சொல்லவே கூச்சம். நண்பர் கொடுத்த மாத்திரை, இணையத்தில் கிடைத்த மாத்திரை என்று போய்விடுகிறார்கள். இதய மாத்திரை எழுதும் டாக்டருக்கு இது தெரியாது. இதை விற்பவருக்கு அந்த இதய மாத்திரை தெரியாது. உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு படியும் அந்த இடைவெளியை மூடுவதற்காகத்தான்.

படி 1: மாத்திரைக்கு முன்னால் காரணத்தைத் தேடுங்கள்

எப்போதாவது ஒருநாள் சரியாக வரவில்லை என்றால் அது நோய் இல்லை. களைப்பு, கவலை, குடி எதுவும் காரணமாக இருக்கலாம். சில மாதங்களாகத் தொடர்ந்து இப்படியே இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய்கள் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் 3 முதல் 4 மில்லிமீட்டர். உடம்பெங்கும் ரத்தக்குழாய்கள் கெடத் தொடங்கும்போது சின்னக் குழாய்தான் முதலில் அடைபடும். அதனால் விறைப்புக் குறைபாடு சிலருக்கு மாரடைப்புக்கு 2 முதல் 5 வருடங்களுக்கு முன்பே வருகிறது. அந்த முன்னறிவிப்பை மாத்திரை போட்டு மூடிவிட்டால், அடியில் இருக்கும் சுகரும் பிபியும் கொழுப்பும் கவனிக்கப்படாமலே போகும். கடையில் நேராக வாங்கிச் சாப்பிடுவதை நான் எதிர்ப்பதற்கு முதல் காரணமே இதுதான். மாத்திரை வேலை செய்தால் அந்த ஆள் டாக்டரிடம் போகவே மாட்டார்.

டாக்டர் பார்க்கச் சொல்லக்கூடியவை: ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, கொழுப்பு அளவு, காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவு. தூக்கத்திலோ விடியற்காலையிலோ விறைப்பு வருகிறதா என்றும் கேட்பார். கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். அப்போது நன்றாக வந்து, உறவின்போது மட்டும் வராவிட்டால், மனம் சார்ந்த காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கான சிகிச்சையே வேறு.

இன்னொன்று, நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மருந்தே காரணமாக இருக்கலாம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், பிபிக்கான தயசைடு வகை, சில பீட்டா பிளாக்கர்கள், புராஸ்டேட்டுக்கும் முடி உதிர்வுக்கும் தரப்படும் ஃபினாஸ்டரைடு ஆகியவை விறைப்பைக் குறைக்கக்கூடும். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிபி மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது இதைவிடப் பெரிய ஆபத்து.

படி 2: நைட்ரேட் சாப்பிடுகிறீர்களா என்று உறுதி செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பாலுணர்வு தூண்டப்படும்போது ஆணுறுப்பில் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு சுரக்கிறது. (இந்த வாயு ரத்தக்குழாய்களில் எப்படிச் செய்தி கடத்துகிறது என்று கண்டறிந்த மூவருக்கு 1998-இல்தான் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது, வயாகரா வந்த அதே வருடம்.) அது சிஜிஎம்பி என்ற பொருளைப் பெருக்கும். சிஜிஎம்பி ரத்தக்குழாய்த் தசையைத் தளர்த்தும், ரத்தம் பாயும், விறைப்பு வரும். பிடிஇ-5 என்ற நொதி அந்த சிஜிஎம்பியைச் சிதைத்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நம் மாத்திரை செய்வதெல்லாம் இந்த நொதியைத் தடுப்பதுதான்.

நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்துகள் இதே பாதையில் மறுமுனையில் இருந்து வேலை செய்கின்றன. அவை நைட்ரிக் ஆக்ஸைடைக் கொட்டுகின்றன. இரண்டும் சேர்ந்தால் ஒன்று சிஜிஎம்பியைப் பெருக்கிக்கொண்டே போகும், மற்றது அதைக் கரையவிடாது. உடம்பெங்கும் ரத்தக்குழாய்கள் ஒரேயடியாக விரிந்து பிபி அதலபாதாளத்துக்கு இறங்கும். மயக்கம், மாரடைப்பு, மரணம் வரை போகலாம். அளவைக் குறைத்து எடுத்தால் பரவாயில்லை என்கிற பேச்சுக்கே இடமில்லை.

நைட்ரேட் என்று மாத்திரை அட்டையில் பெரிதாக எழுதியிருக்காது. நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் அல்லது சார்பிட்ரேட், வாயில் அடிக்கும் ஸ்பிரே, தோலில் ஒட்டும் பட்டை, ஐசோசார்பைடு டைநைட்ரேட், ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் எல்லாம் நைட்ரேட்தான். நெஞ்சுவலிக்கான இன்னொரு மருந்தான நிக்கோராண்டிலும் இதே கணக்கில் சேரும். போதைக்காகவோ உறவுக்காகவோ முகரும் பாப்பர்ஸ் திரவமும் இதே வகைதான். அதையும் இதையும் சேர்ப்பது உயிரோடு விளையாடுவது. நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கான ரியோசிகுவாட் சாப்பிடுபவர்களும் இந்த மாத்திரைகளைத் தொடக்கூடாது.

"நெஞ்சுவலி வந்தால் மட்டும்தான் போடுவேன், தினமும் கிடையாது" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் கூடாது. உறவின்போதே நெஞ்சுவலி வந்தால் முதலில் கை போவது அந்தச் சின்ன மாத்திரைக்குத்தான் அல்லவா?

படி 3: மற்ற மருந்துகளின் பட்டியல்

சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெயர் தெரியாவிட்டால் அட்டைகளையே எடுத்துப் போங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளும், ஜிம்மில் வாங்கும் பொடிகளும் அதில் இருக்கட்டும்.

புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின், டாக்சாசோசின், பிரசோசின் போன்றவை பிபியை இறக்கும். இவற்றோடு சேர்த்துத் தரவே கூடாது என்றில்லை. முதலில் அந்த மருந்துக்கு உடம்பு பழகியிருக்க வேண்டும், அப்புறம் இதைக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். சில்டெனாஃபில் என்றால் 25 மி.கி.

சில மருந்துகள் கல்லீரலில் இந்த மாத்திரை சிதைவதைத் தடுக்கும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள், பூஞ்சைக்கான கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், எச்ஐவி சிகிச்சையில் வரும் ரிட்டோனாவிர் ஆகியவை முக்கியமானவை. கிரேப்ஃப்ரூட் பழச்சாறும் இதைச் செய்யும். நீங்கள் வழக்கமாக எடுக்கும் அளவே அப்போது பல மடங்கு அளவு போல உடம்பில் தங்கிவிடும். ரிட்டோனாவிர் எடுப்பவருக்கு சில்டெனாஃபில் 48 மணி நேரத்துக்கு 25 மி.கி.யைத் தாண்டக்கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடாய்ன், கார்பமசெபினும் நேர்மாறானவை. மாத்திரையின் பலனையே குறைத்துவிடும். பலன் இல்லை என்று நீங்களாக அளவைக் கூட்டுவதற்கு முன் இதை டாக்டரிடம் கேளுங்கள்.

நுரையீரல் ரத்த அழுத்தத்துக்காக ஏற்கெனவே சில்டெனாஃபிலோ டடாலஃபிலோ வேறு வணிகப் பெயரில் சாப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். அதே மருந்தை இரண்டு டாக்டர்கள் இரண்டு பெயரில் எழுதிவிட வாய்ப்பு உண்டு.

படி 4: இதயம் தயாரா?

மாத்திரை இதயத்தைக் கெடுப்பதில்லை. உடலுறவு ஒரு உழைப்பு. அந்த உழைப்பை இதயம் தாங்குமா என்பதுதான் கேள்வி. சமதளத்தில் 1.6 கிலோமீட்டரை 20 நிமிடத்தில் நடக்கவும், இரண்டு மாடிக்குப் படியில் வேகமாக ஏறவும் நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ இல்லாமல் முடிந்தால் பொதுவாகத் தாங்கும் என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். சந்தேகமாக இருந்தால் டிரெட்மில் பரிசோதனை செய்யச் சொல்வார்கள்.

கடந்த 6 மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறோ வந்தவர்கள், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர்கள், பிபி 90/50-க்குக் கீழே அல்லது 170/110-க்கு மேலே இருப்பவர்கள், இவர்களெல்லாம் இதய டாக்டர் சரி என்று சொல்லும்வரை பொறுக்க வேண்டும். முன்பு ஒரு கண்ணில் பார்வை திடீரென்று போன அனுபவம் உள்ளவர்கள், பரம்பரை விழித்திரை நோய் உள்ளவர்கள், சிக்கிள் செல் நோய், ரத்தப் புற்றுநோய், கடுமையான கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வர்டெனாஃபில் இதயத் துடிப்பின் மின் ஓட்டத்தைச் சற்று மாற்றக்கூடியது என்பதால் துடிப்புக் கோளாறு இருப்பவர்களுக்கு அதைத் தவிர்ப்பார்கள்.

படி 5: எந்த மாத்திரை, எவ்வளவு

சில்டெனாஃபில் பொதுவாக 50 மி.கி.யில் தொடங்கும், தேவைக்கேற்ப 25 அல்லது 100 ஆகும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் கல்லீரல், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் 25-இல் தொடங்குவதே முறை. வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்; சுமார் 4 மணி நேரம் நீடிக்கும்.

டடாலஃபில் நிதானமானது. 10 அல்லது 20 மி.கி. எடுத்தால் 36 மணி நேரம் வரை பலன் இருக்கும். நேரம் குறித்துக்கொண்டு உறவுக்குப் போவது பலருக்கு மன அழுத்தம் தரும். அவர்களுக்கு இது பொருத்தம் என்பது என் எண்ணம். தினமும் 2.5 அல்லது 5 மி.கி. எடுக்கும் முறையும் உண்டு. புராஸ்டேட் தொல்லையும் சேர்ந்து இருப்பவர்களுக்கு அந்த 5 மி.கி. இரண்டுக்குமே உதவும். ஆனால் உடம்பில் நெடுநேரம் தங்குவதால் பக்கவிளைவும் நெடுநேரம் தங்கும். அவனாஃபில்தான் வேகமானது, 15 முதல் 30 நிமிடம். வர்டெனாஃபில் ஏறக்குறைய சில்டெனாஃபில் போலத்தான்.

எதுவாக இருந்தாலும் 24 மணி நேரத்தில் ஒரு தடவை மட்டும். ஒன்று வேலை செய்யவில்லை என்று அதே இரவில் இன்னொன்றைப் போடக்கூடாது. இரண்டு வகையைக் கலக்கவும் கூடாது.

படி 6: எங்கே வாங்குவது

மருந்துச்சீட்டோடு, உரிமம் உள்ள மருந்துக்கடையில். வேறு வழி எதையும் நான் சொல்ல மாட்டேன்.

உலகில் அதிகம் போலியாகத் தயாரிக்கப்படும் மருந்துகளில் இதுவும் ஒன்று. 2008-இன் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர், ரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 127 பேரின் ரத்தத்தில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை இருந்தது. சட்டவிரோதமாக விற்கப்பட்ட பாலியல் ஊக்க மருந்துகளில் அது கலந்திருந்தது. 7 பேர் நினைவு திரும்பாமல் கோமாவில் கிடந்தார்கள். அவர்களில் 4 பேர் பிறகு இறந்துபோனார்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: அப்படிப்பட்ட மருந்தைச் சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் 45 பேர் மட்டுமே.

"மூலிகை, பக்கவிளைவே கிடையாது, அரை மணியில் பலன்" என்று விற்கப்படும் பொருள்களில் சில்டெனாஃபிலையோ அதன் உறவுப் பொருள்களையோ ரகசியமாகக் கலந்திருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன. நைட்ரேட் சாப்பிடும் ஒருவர் ஆங்கில மருந்து வேண்டாம் என்று பயந்து மூலிகைக்குப் போய், அதே மருந்தை அளவு தெரியாமல் விழுங்குகிறார். மூலிகை அரை மணியில் வேலை செய்தால் அதைக் கண்டு சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

படி 7: எடுக்கும் நாளில்

சில்டெனாஃபிலும் வர்டெனாஃபிலும் வெறும் வயிற்றிலோ லேசான சாப்பாட்டுக்குப் பிறகோ நன்றாக வேலை செய்யும். எண்ணெயும் கொழுப்பும் நிறைந்த சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் சில்டெனாஃபிலின் பலன் ஒரு மணி நேரம் வரை தள்ளிப்போகும். டடாலஃபிலுக்குச் சாப்பாடு ஒரு பொருட்டே இல்லை.

மாத்திரை போட்டுவிட்டு விறைப்புக்காகக் காத்திருந்தால் அது வராது. மேலே சொன்ன நைட்ரிக் ஆக்ஸைடு பாலுணர்வு தூண்டப்பட்டால்தான் சுரக்கும். நெருக்கமும் தொடுதலும் ஆசையும் இருந்தால்தான் மாத்திரைக்கு வேலை. பலன் இல்லை என்று பலர் சொல்வதற்கு இந்தப் புரிதல் இல்லாததும் ஒரு காரணம்.

குடியை அளவோடு நிறுத்துங்கள், முடிந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மதுவும் பிபியை இறக்கும், எழுந்தால் தலைசுற்றும். விறைப்பையே மட்டுப்படுத்துவதும் அதுதான். முதல் தடவை எடுக்கும் அன்று வண்டி ஓட்டாமல் வீட்டில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரியட்டும். இந்த மாத்திரை கருத்தடையும் இல்லை, பால்வினை நோய்க்குக் காப்பும் இல்லை.

தலைவலி, முகம் சிவந்து சூடாவது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் ஆகியவை சகஜம். சில மணி நேரத்தில் அடங்கும். சில்டெனாஃபிலில் சிலருக்குப் பார்க்கும் பொருள்கள் கொஞ்ச நேரம் நீலமாகத் தெரியும். டடாலஃபிலில் சிலருக்கு அடுத்த நாள் முதுகும் தொடையும் வலிக்கலாம். இவை தாங்க முடியாமல் இருந்தால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 8: உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை

விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் அடங்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். உள்ளே தேங்கிய ரத்தத்தில் ஆக்ஸிஜன் தீர்ந்து திசு அழியத் தொடங்கும். தாமதித்தால் அப்புறம் விறைப்பே நிரந்தரமாக வராமல் போகலாம். அவசரப் பிரிவில் ரத்தத்தை வெளியேற்றியும் ஊசி போட்டும் சரிசெய்வார்கள். அங்கே இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு கண்ணிலோ இரண்டிலுமோ பார்வை திடீரென மங்கினாலும், காது திடீரெனக் கேட்காமல் போனாலும், மயங்கி விழுந்தாலும் அதே அவசரம்தான்.

நெஞ்சுவலி வந்தால் உறவை நிறுத்தி உட்காருங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் யாருக்காவது வைத்திருக்கும் நைட்ரேட் மாத்திரையை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். வருபவர்களிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது: எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை மணிக்கு. சில்டெனாஃபில், வர்டெனாஃபில் என்றால் 24 மணி நேரத்துக்கும், டடாலஃபில் என்றால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கொடுக்கக்கூடாது. டாக்டர் வேறு மருந்துகளால் பார்த்துக்கொள்வார். நீங்கள் பேச முடியாத நிலையில் இருக்கலாம். அதனால்தான் உங்கள் துணைக்கும் இந்த மாத்திரையின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். சொல்வது கஷ்டம்தான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் உங்களுக்காகப் பேசக்கூடியவர் அவர் மட்டும்தான்.

படி 9: பலன் தெரியவில்லை என்றால்

ஒரு தடவை தோற்றதும் கைவிடாதீர்கள். சாப்பாடு, நேரம், தூண்டல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, டாக்டர் சொன்ன அளவில் வெவ்வேறு நாள்களில் ஆறு தடவையாவது முயன்ற பிறகே பலனில்லை என்று முடிவு செய்ய வேண்டும். அளவைக் கூட்டுவதும் மருந்தை மாற்றுவதும் டாக்டர் வேலை. டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்த பிறகு அதே மாத்திரை பலன் தருவதும் உண்டு. புகையை விடுவது, தினசரி நடை, எடைக் குறைப்பு, சுகரைக் கட்டுக்குள் வைப்பது ஆகியவை ரத்தக்குழாய்களையே மீட்பவை. மாத்திரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இவை வேண்டும்.

புதிதாக எந்த டாக்டர் எந்த மருந்து எழுதினாலும், பல் டாக்டர் தரும் ஆன்டிபயாடிக்காக இருந்தாலும்கூட, இந்த மாத்திரையைப் பற்றி அவரிடம் சொல்லிவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது பிபியையும் இதயத்தையும் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். போன வருடம் பாதுகாப்பாக இருந்தது இந்த வருடம் அப்படி இருக்க வேண்டும் என்றில்லை.

மாத்திரைகள் எதுவும் உதவாதவர்களுக்கும், நைட்ரேட்டை விட முடியாதவர்களுக்கும் வழி அடைபடவில்லை. ரத்தத்தை இழுத்து நிறுத்தும் வெற்றிடக் கருவி இருக்கிறது. உறுப்பிலேயே போடும் அல்ப்ரோஸ்டாடில் ஊசி இருக்கிறது. அதன் முதல் ஊசியை டாக்டர் முன்னிலையில்தான் போட்டுப் பழக வேண்டும், அவர் சொல்லாமல் மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. கடைசியாக, அறுவை சிகிச்சையில் உள்ளே பொருத்தும் செயற்கைத் தண்டும் உண்டு. இவற்றைச் சிறுநீரியல் மருத்துவரான யூராலஜிஸ்ட்டிடம் கேட்கலாம். போகும்போது அந்த மருந்துப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை எந்த மாத்திரை, எத்தனை மி.கி., எத்தனை தடவை முயன்றீர்கள் என்பதும் அதில் இருந்தால் அவர் அங்கிருந்தே தொடங்கிவிடலாம்.